மலைப் பறப்பும் மோட்டார்ப் பறப்பும்

ஈஜிபுராவில் பகல் பதினொரு மணி அளவில் மொட்டை மாடியில் துணி உலர்த்தச் செல்லும் நம் வீட்டுப் பெண்மணிகள் நாள்தோறும் ஓர் அற்புதத்தைக் காண்கிறார்கள். பழகிவிட்டபடியால் அதனை அற்புதம் என்று எவரும் எண்ணுவதில்லை. கோழிக் கடைகளுக்கு நேர் மேலே பத்துப் பன்னிரண்டு பருந்துகள் வட்டமிடுகின்றன. சிறகை ஒரு முறையேனும் அடிப்பதில்லை. ஆயினும் ஒவ்வொரு சுற்றிலும் சற்று உயரே போய்க்கொண்டேயிருக்கின்றன. கால் மணி நேரத்திற்குள் அவை கண்ணுக்கு எள்ளளவாகிவிடுகின்றன. அவ்வேளையில் பழைய எச்.ஏ.எல். விமானத் தளத்திலிருந்து போர் விமானம் ஒன்று கிளம்பினால் ஜன்னற் கண்ணாடிகள் அதிர்கின்றன. தொட்டிலில் உறங்கும் குழந்தை விழித்துக்கொள்கிறது. 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரயாணிகள் விமானங்கள் தேவனஹள்ளிக்குப் போய்விட்ட பிறகும் இந்த ஓசை நம் பேட்டையை விட்டு முற்றிலும் அகலவில்லை. 2001ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தேஜஸ் விமானம் முதன்முதல் ஆகாயம் ஏறியதும் இத்தளத்திலிருந்துதான்.

பருந்து கடன் வாங்கிப் பறக்கிறது. காற்று கொடுப்பதைப் பெற்றுக்கொண்டு மேலேறுகிறது. விமானமோ கைப்பணத்தைச் செலவிட்டுப் பறக்கிறது. இவ்விரு வழிகளும் இன்று சாமானிய மனிதனுக்கும் திறந்திருக்கின்றன என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம். இரண்டிற்கும் ஒரே வகைத் துணிச் சிறகுதான். அதனை மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஓடிக் காற்றில் இறங்குவது பாராகிளைடிங். அதே சிறகின்கீழ் முதுகில் ஒரு சிறு மோட்டாரையும் விசிறியையும் சுமந்து சமவெளியிலிருந்து எழுவது பாராமோட்டார். இவற்றுள் எது உயர்ந்தது, எது நம்மவர்க்கு ஏற்றது என்று நம் பகுதி இளைஞர்கள் சிலர் தேநீர்க் கடை வாசலில் வாதிடுகின்றனர். என் குடும்பத்திலும் இந்த வாதம் நுழைந்துவிட்டபடியால், இதனை ஆராய வேண்டிய கடமை எனக்கு ஏற்பட்டது.

முதலில் சிறகைப் பற்றிச் சில சொற்கள். இதில் கழியில்லை, கம்பியில்லை, சட்டமில்லை. மெல்லிய நைலான் துணி இரண்டு அடுக்காகத் தைக்கப்பட்டு, இடையிடையே துணிச் சுவர்களால் அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன் விளிம்பில் அந்த அறைகளின் வாய் திறந்திருக்கும். பின் விளிம்பில் மூடியிருக்கும். ஓடும்போது எதிர்க்காற்று உள்ளே புகுந்து அடைபடுகிறது. துணி விறைத்து விமானத்தின் இறக்கையைப்போல வடிவம் கொள்கிறது. காற்றே இச்சிறகின் எலும்பு என்று சொல்லலாம். ஒரு மனிதனைத் தாங்கும் சிறகு சுமார் 25 சதுர மீட்டர் பரப்புடையது. எடையோ 4 முதல் 6 கிலோ. இறங்கியபின் மடித்து முதுகுப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடலாம். சிறகிலிருந்து தொங்கும் பல மெல்லிய நூற்கயிறுகள் ஓர் இருக்கையைத் தாங்குகின்றன. இரு கைகளிலும் இரண்டு பிடிகள். வலப்பிடியை இழுத்தால் வலப்புறம் திரும்பும், இடப்பிடியை இழுத்தால் இடப்புறம் திரும்பும், இரண்டையும் இழுத்தால் வேகம் தணியும். கல்வி இவ்வளவுதான் என்று தோன்றும். நீச்சலும் கையையும் காலையும் அசைப்பதுதானே!

இச்சிறகின் மூலவர் அமெரிக்காவில் காற்றாடிகளும் பலூன்களும் செய்துவந்த டொமினா ஜால்பெர்ட் என்பவர். காற்றடைத்த அறைகளாலான சிறகுக்கு அவர் பெற்ற காப்புரிமை 1966ஆம் ஆண்டினது. விமானத்திலிருந்து குதிப்போர் அதனைப் பாராசூட்டாகப் பயன்படுத்தினர். பின்னர் 1978ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில், ஆல்ப்ஸ் மலைப் பகுதியிலுள்ள மியுஸி என்னும் ஊரில், பாராசூட் வீரர் மூவர் ஒரு யோசனை செய்தனர். குறித்த இடத்தில் இறங்கிப் பழகுவதற்கு ஒவ்வொரு முறையும் விமானத்திற்குப் பணம் கொடுப்பானேன், மலைச்சரிவிலிருந்து ஓடினால் என்ன என்பதே அந்த யோசனை. ஓடினார்கள், பறந்தார்கள். ழான்-கிளோத் பெத்தாம், ஆந்த்ரே போன், ஜெரார் போஸ்ஸோன் என்பன அவர்தம் பெயர்கள். மாதக் கடைசியில் மிச்சம் பிடிக்கும் நம்மவர்க்கு இக்கதை நன்கு விளங்கும். உலகெங்கும் பரவியுள்ள ஒரு விளையாட்டு விமானச் செலவை மிச்சப்படுத்தப் போய்ப் பிறந்தது.

நம் தேசத்தில் மலைப் பறப்பிற்குப் பெயர் பெற்ற இடம் இமாசலப் பிரதேசத்தில் காங்கிரா மாவட்டத்திலுள்ள பீர் பில்லிங். பில்லிங் என்பது ஓடிப் பறக்கும் மேட்டு நிலம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,400 மீட்டர். பீர் என்பது இறங்கும் ஊர். அதற்குச் சுமார் 1,000 மீட்டர் கீழே உள்ளது. பின்னால் தௌலாதர் மலைத்தொடர் பனிமுடியுடன் நிற்கிறது. 2015ஆம் ஆண்டு அக்டோபரில் உலகக் கோப்பைப் போட்டி இங்கே நடைபெற்றது. ரெயில்வேக்காரனாதலால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1929ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பதான்கோட் – ஜோகிந்தர் நகர் குறும்பாதையில் அஹ்ஜு என்றொரு சிறு ஸ்டேஷன் உண்டு; பீருக்கு அதுவே அண்மையது. மலைக்குக் கூடியவரை குகை குடையாமல், பாதையை வளைத்து வளைத்துக் கொண்டுசென்ற அந்தக் காலத்துப் பொறியாளர்களும், காற்றை அனுசரித்து வளைந்து வளைந்து ஏறும் இந்தக் காலத்துப் பறப்போரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போலத் தோன்றுகிறது.

இனிக் கணக்கிற்கு வருவோம். அசைவற்ற காற்றில் இச்சிறகு ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் கீழே இறங்கும். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 8 அல்லது 9 மீட்டர் முன்னே செல்லும். ஆகவே பில்லிங்கிலிருந்து 1,000 மீட்டர் இறங்க 1,000 விநாடி, அதாவது 17 நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் 8 கிலோமீட்டர் போகலாம். அவ்வளவே! ஆனால் அங்கே பறப்போர் மூன்று மணி, நான்கு மணி நேரம் ஆகாயத்திலேயே இருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒருவர் மோட்டார் எதுவுமின்றி 600 கிலோமீட்டருக்கு மேல் ஒரே பறப்பில் கடந்திருக்கிறார். பெங்களூரிலிருந்து கன்னியாகுமரியை எட்டிப் பார்க்கும் தூரம்! சொட்டுப் பெட்ரோல் இல்லை. எப்படி?

காற்று இரண்டு விதங்களில் கடன் கொடுக்கிறது. மலைச்சரிவில் மோதும் காற்று வேறு வழியின்றி மேல்நோக்கித் திரும்புகிறது. அந்த எழுச்சியின்மீது சரிவை ஒட்டி இங்குமங்கும் உலவிக்கொண்டிருக்கலாம். இது ஒரு விதம். மற்றொன்று வெயிலால் வருவது. பாறையும் உழுத நிலமும் ஊர்க்கூரைகளும் விரைவில் சூடேறுகின்றன. ஏரியும் தோப்பும் மெல்லச் சூடேறுகின்றன. சூடேறிய நிலத்தின்மேலுள்ள காற்று இலேசாகிக் கண்ணுக்குத் தெரியாத தூணாக எழும்புகிறது. ஈஜிபுராப் பருந்துகள் ஏறுவது இத்தூணில்தான். நம் கான்கிரீட் மாடிகள் அவற்றிற்கு அடுப்பாகின்றன. மனிதனுக்கு அத்தூண் தெரியாது. எனவே ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒலியால் அறிவிக்கும் ஒரு சிறு கருவியை மாட்டிக்கொள்கிறான். அதைவிட நல்ல கருவி கழுகு. இமயத்தில் கழுகு வட்டமிடும் இடத்தை நாடிச் சென்று, அதன் சுற்றிலேயே தானும் சேர்ந்து சுற்றுவது பறப்போர் வழக்கம். கழுகும் அதனை மறுப்பதில்லை என்கிறார்கள். பறவையோடு பந்தியில் உட்காரும் இந்தப் பேறே மலைப் பறப்பின் தலையாய இன்பம் என்று நான் கருதுகிறேன். சத்தமில்லை, கயிறுகளின் ஊடே செல்லும் காற்றின் ஓசை மட்டும்.

ஆனால் கடன் கொடுத்தவன் கை ஓங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், ஆஸ்திரேலியாவில் மனில்லா என்னும் ஊருக்கருகே பயிற்சிப் பறப்பிலிருந்த ஜெர்மானிய வீராங்கனை ஏவா விஸ்னியெர்ஸ்காவை ஓர் இடிமேகம் உள்ளே இழுத்துக்கொண்டது. இமயத்தின் உச்சியைவிட உயரமான 9,946 மீட்டர் வரை அவரைத் தூக்கிச் சென்றது அது. மூச்சுக்காற்றுப் பஞ்சத்தால் அரை மணிக்கு மேல் அவர் நினைவிழந்தார். உடல் பனியால் மூடப்பெற்றது. சிறகு தானே சென்று மேகத்தினின்று வெளிப்பட, விழித்தெழுந்து உயிருடன் தரை இறங்கினார். அன்றே அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் ஒருவர் பிழைக்கவில்லை. ஆகவே மலைப் பறப்பில் பாதிக் கல்வி பறப்பதிலில்லை. இன்று பறக்க வேண்டாம் என்று சிறகைப் பையினின்று எடுக்காமலே ஜீப்பில் திரும்பி வருவதில் இருக்கிறது. இரண்டு நாள் லீவு போட்டு, ரெயிலும் பஸ்ஸும் ஏறிச் சென்று, மலைமேல் உட்கார்ந்து புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையாய்த் திரும்பும் பொறுமை எல்லாருக்கும் வாய்க்காது.

அந்தப் பொறுமை இல்லாதவர்க்கும், அண்மையில் மலையே இல்லாதவர்க்கும் வந்த வரந்தான் மோட்டார். பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் மேசையின் மேற்பலகையில் நிற்பவனுக்கு மேசையின் உயரம் பயன்படாததுபோல, இந்தப் பீடபூமியின் உயரம் நமக்கு உதவுவதில்லை. ராமநகரத்துப் பாறைகளும் சாவனதுர்க்கமும் ஏறுவதற்கு அழகியவை. ஓடிப் பறப்பதற்கு வழுக்குப் பாறை சரிப்படாது. மோட்டார்க்காரனோ ஒரு கால்பந்து மைதானத்தின் அளவு வெற்று நிலம் கிடைத்தால் போதும் என்கிறான்.

அந்த யந்திரம் ஒரு ஸ்கூட்டர் எஞ்சின் போன்றது. இரண்டு ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். எஞ்சின், பெட்ரோல் டாங்கி, ஓர் ஆள் கை விரித்த அளவினும் சற்றுக் குறைந்த விசிறி, விசிறியைச் சூழ்ந்த வலைக் கூண்டு எல்லாம் சேர்ந்து 20 முதல் 35 கிலோ. இதனை முதுகில் கட்டிக்கொண்டு, சிறகைத் தலைக்குமேல் எழுப்பி, விசிறி பின்னிருந்து தள்ள ஓட வேண்டும். கிழங்கு மூட்டை சுமந்து ஓடுவதைப் போன்றதே அது. பத்து முப்பது அடி ஓடியதும் மூட்டை நம்மைச் சுமக்கத் தொடங்கிவிடுகிறது. ஓட இயலாதோர்க்கு மூன்று சக்கர வண்டியோடு கூடிய அமைப்பும் உண்டு.

சுவையான வேறுபாடு ஒன்று உண்டு: இருவரும் ஒரே ஆகாயத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் நேரம். மலைப் பறப்பாளனுக்கு வெயில் ஏறிய பின்தான் தொழில். காலை பத்து மணிக்குமுன் அவனுக்குக் கடன் கொடுப்பாரில்லை. மோட்டார்ப் பறப்பாளனுக்கு அந்த எழுச்சிகளே சத்துரு. அவனுக்கு வேண்டியது பால்போன்ற அமைதியான காற்று. ஆகையால் சூரியோதயம் தொடங்கி இரண்டு மூன்று மணி நேரமும், அஸ்தமனத்திற்கு முந்திய ஒரு மணி நேரமும் அவன் பங்கு. ஷிப்டு வேலைக்காரர்களுக்கு இது வசதி. காலை ஆறு மணிக்குப் பறந்து ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம்.

எவ்வளவு தூரம் போகலாம்? மணிக்கு 3 அல்லது 4 லிட்டர் செலவாகும். 10 லிட்டர் கொண்டு சென்றால் இரண்டரை மணி. காற்றில்லாத நேரத்தில் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். ஆக 100 கிலோமீட்டர். நம் ரெயில் பாதையில் குப்பம் ஸ்டேஷன் வரை என்று வைத்துக்கொள்ளலாம், ஜோலார்பேட்டை எட்டாது. எதிர்க்காற்று 25 கிலோமீட்டர் வீசினாலோ வேகம் 15 ஆகக் குறைந்துவிடும். கீழே சைக்கிளில் போகிறவன் முந்திக்கொண்டு கையசைப்பான். ஆயினும் இறங்கி இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு சென்றால் எல்லை கிடையாது. 2016ஆம் ஆண்டு நமது இந்திய விமானப் படையினர் ‘பிரதட்சிணா’ என்று பெயரிட்டு, இப்படிப்பட்ட பாராமோட்டார்களிலேயே தேசத்தை வலம் வந்து 10,000 கிலோமீட்டருக்கு மேற் கடந்தனர். அவ்வாண்டிலேயே சாஷா டெஞ்ச் என்ற பெண்மணி, ருஷியாவின் வடகோடிப் பனிநிலத்திலிருந்து இங்கிலாந்து வரை குளிருக்கு அஞ்சி வலசை போகும் அன்னப் பறவைகளை மோட்டார் கட்டிய சிறகில் தொடர்ந்து பறந்தார். வழிநெடுக அவற்றின் குறைந்துவரும் எண்ணிக்கையைப் பற்றி ஊராரிடம் எடுத்துச் சொல்வதே அவர் நோக்கம். கழுகோடு சுற்றுவதற்கு மோட்டார் உதவாது. அன்னத்தோடு கண்டம் கடப்பதற்கு அதுதான் உதவியது.

குறை ஓசைதான். காதடைப்பு இன்றி மோட்டார்க்காரன் பறப்பதில்லை. கீழே இருப்பவர்க்குக் காதடைப்புக் கொடுப்பாரில்லை. வயலில் மேயும் மாடு மிரளும். ஈஜிபுராவில் பாலத் தூண்களுக்கிடையே ஆண்டுக்கணக்கில் ஹாரன் ஓசை கேட்டுப் பழகிய நமக்கு இதில் குறை சொல்ல அருகதை உண்டா என்று கேட்பீர்கள். ஓசையிலிருந்து தப்பத்தானே ஐயா, ஆகாயத்திற்குப் போவது?

யந்திரத்தாற் பறத்தல் தமிழனின் கற்பனைக்குப் புதியதன்று. சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் காட்டும் மயிற்பொறியை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். விசையை ஒரு பக்கம் திருகினால் ஏறும், மறுபக்கம் திருகினால் இறங்கும். நிறைமாதக் கருவுற்ற விசயை அதில் ஏறித் தப்பிப் போகிறாள். பகைவனின் வெற்றி முரசு கேட்டு மயங்குகிறாள். பொறி சுடுகாட்டில் இறங்கிவிடுகிறது. புலவர் யந்திரத்தைக் குறை கூறவில்லை. ஓட்டுபவரின் நெஞ்சம் நிலைகுலைந்தால் பொறி எங்கே இறங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். மோட்டார்ப் பறப்புப் பயிற்சி கொடுப்போர் இந்தப் படலத்தை ஒரு முறை படித்தல் நலம்.

இப்போது என் குடும்பத்து விஷயம். என் தமக்கையின் மகன் இருசக்கர வண்டி பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறான். வயது 23. நண்பர்களுடன் சென்ற ஆண்டு பீருக்குப் போய், ஒரு பைலட்டின் முன்னால் அமர்ந்து இருபது நிமிடம் பறந்துவிட்டு வந்தான். அன்று முதல் அவன் கண் தரையில் இல்லை. அண்மையில் என் தமக்கை குடியிருந்த வீட்டின் போக்கியப் பணம் நான்கு லட்சம் திரும்பி வந்தது. அதிற் பாதியைக் கொண்டு பழைய பாராமோட்டார் ஒன்றை வாங்கி, கற்றுக்கொண்டு, பிறகு சுற்றுலா வருவோரை ஏற்றிச் சம்பாதிக்கலாம் என்பது அவன் திட்டம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் பஞ்சாயத்து கூடியது.

“மாமா, மலைக்குப் போக லீவு வேண்டும், ரெயில் வேண்டும், ஜீப் வேண்டும், கடைசியில் காற்றும் மனம் வைக்க வேண்டும். மோட்டார் என்றால் எனக்குத் தெரிந்த சரக்கு. கார்புரேட்டரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றுவேன்” என்றான் அவன்.

“கார்புரேட்டரை நீ அறிவாய். காற்றை அறிவாயா?” என்றேன்.

“தம்பி, நீங்கள் இரண்டு பேரும் எதையாவது பேசிக்கொள்ளுங்கள். எதிலிருந்து பிள்ளை விழமாட்டான் என்று மட்டும் எனக்குச் சொல்” என்றாள் என் தமக்கை.

நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. விழாத ஊர்தி இல்லை. ஆனால் விழும் விதம் வேறுபடும். மலைப் பறப்பாளன் நடுப்பகலின் கொந்தளிப்பான காற்றைத் தேடிச் செல்கிறான். அங்கே சிறகின் ஒரு பக்கம் திடீரென்று மடிந்துவிடக்கூடும். உயரம் மிகுந்திருந்தால் அது மீண்டும் விரிந்துகொள்ளும். விரியாவிடில் அவசரப் பாராசூட்டை எறியலாம். பாறைக்கு அருகில் என்றால் நேரமிராது. மோட்டார்ப் பறப்பாளனுக்கு அமைதியான காற்று என்னும் அனுகூலம் உண்டு. ஆனால் தாழ்ந்து பறக்கும் ஆசை அவனை விடுவதில்லை. மின்கம்பி அவனுக்கு யமன். சுழலும் விசிறி தரையிலேயே விரலைத் துண்டித்துவிடும். ஏரியில் விழுந்தாலோ முதுகிலுள்ள யந்திரம் உள்ளே இழுக்கும். எஞ்சின் நடுவழியில் நிற்பதும் உண்டு. நின்றால் உடனே விழுவதில்லை, மோட்டாரில்லாச் சிறகாகிச் சறுக்கி இறங்கும். இறங்குவதற்கு இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அன்னங்களைத் தொடர்ந்த அதே சாஷா டெஞ்ச் 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் உடன் பறந்தவரின் சிறகோடு மோதிப் படுகாயமுற்றார். உடன் பறந்தவர் உயிரிழந்தார். இருவரும் தேர்ந்தவர்கள். இவ்வளவும் என் தமக்கையிடம் சொன்னேன், மறைக்கவில்லை.

எனினும் எதை முதலிற் கற்பது என்ற கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. சரித்திரமே அதனைச் சொல்கிறது. ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால், சரிவுகளிலிருந்து ஓடிச் சறுக்கிப் பறப்பதையே 1891 முதல் செய்துவந்தார். பெர்லினுக்கருகே தமக்கென்றே ஒரு செயற்கைக் குன்றையும் எழுப்பிக்கொண்டார். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு பறப்பின்போது விழுந்து மறுநாள் மாண்டார். அவர் விட்ட இடத்தில் தொடங்கிய ரைட் சகோதரர்கள் நேரே எஞ்சினுக்குப் போகவில்லை. மணற்குன்றுகளிலிருந்து நூற்றுக்கணக்கான முறை மோட்டாரின்றிச் சறுக்கிப் பறந்து, நிலை தவறாமை என்னும் வித்தையைக் கைவரப் பெற்ற பிறகே 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று எஞ்சினைப் பூட்டினர். சைக்கிள் கடைக்காரர்கள், எஞ்சினும் செய்யத் தெரிந்தவர்கள். எங்கள் பிள்ளையைப் போலவே! ஆயினும் காற்றைத்தான் முதலிற் படித்தார்கள்.

காரணம் இதுதான். மோட்டார் பிழைகளை மறைக்கும். உயரம் குறைந்தால் விசையை அழுத்தினால் போதும் என்ற பழக்கம் வந்துவிடுகிறது. அந்த விசை இல்லாத அன்று கை என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. மலைச்சரிவில் கற்றவனுக்கு எல்லா இறக்கமும் எஞ்சின் நின்ற இறக்கமே. ஒரு தரம் மட்டுமே இறங்க வாய்ப்பு. நம் ரெயில்வேயில் போர்காட் மலைப்பாதை உண்டு. கர்ஜத்திலிருந்து லோணாவளா வரை 37க்கு 1 என்ற ஏற்றம். ஏறும் வண்டிகளுக்குப் பின்னாலும் எஞ்சின்கள் கொடுத்துத் தள்ளுகிறார்கள். ஆனால் கேட்டுப் பாருங்கள், டிரைவர்கள் அஞ்சுவது ஏற்றத்திற்கன்று, இறக்கத்திற்கு. பிரேக் அறிந்தவனே அங்கே டிரைவர்.

பிள்ளையும் சளைக்கவில்லை. “மலையில் கற்றுவிட்டு வந்தாலும் பெங்களூரில் பறக்க மோட்டார்தானே வேண்டும்?” என்றான். நியாயந்தான். ஆனால் பெங்களூரில் பறப்பதே அவ்வளவு எளிதன்று. நம் நகரத்தின் ஆகாயம் நெருக்கமானது: கிழக்கே எச்.ஏ.எல்., வடக்கே ஜக்கூர் பயிற்சித் தளம், அதற்கப்பால் எலகங்கா விமானப் படைத் தளம், அதற்கும் அப்பால் தேவனஹள்ளி. ஈஜிபுரா மைதானத்திலிருந்து கிளம்பலாம் என்பது கனவிலும் நடவாதது. விமானத் தளங்களைச் சூழ்ந்த ஆகாயத்தில் உத்தரவின்றிப் பறப்பது குற்றம். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய சர்க்கார் வெளியிட்ட தேசிய வான்விளையாட்டுக் கொள்கையில் பாராகிளைடிங், பாராமோட்டார் இரண்டும் சேர்க்கப்பட்டு, இந்திய வான்விளையாட்டுச் சம்மேளனம் என்ற தலைமை அமைப்பும் ஏற்படுத்தப்பட்டது. மோட்டார் உள்ளதன் மீது போலீசாரின் கண் கூர்மையானது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 7 அன்று காஸாவிலிருந்து ஹமாஸ் இயக்கத்தினர் சிலர் இப்படிப்பட்ட மோட்டார்ச் சிறகுகளில் இஸ்ரேல் எல்லையைக் கடந்தது முதல், உலகெங்கும் காவலர்கள் இவற்றை ஐயத்துடன் நோக்குகின்றனர். டில்லியில் குடியரசு தினத்தையொட்டி இவற்றிற்கெல்லாம் தடை விதிப்பது வழக்கமாகவே உள்ளது. வெளியூரில் வேறு மாநிலத்தில் வாழும் நம்மவர் பிள்ளை, சீட்டு ஏதுமின்றி ஆகாயத்தில் பறந்து, இறங்கியவுடன் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பிறரை ஏற்றிச் சம்பாதிப்பது பற்றியோ நான் கண்டிப்பாகப் பேசினேன். தன் உயிரைப் பணயம் வைப்பது வேறு, டிக்கெட் வாங்கியவர் உயிரை ஏற்பது வேறு. இமாசலத்தில் சர்க்கார் பதிவு பெற்ற பைலட்டே பிறரை ஏற்றலாம் என்று விதி இருந்தும், 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் குல்லுப் பகுதியில் தெலங்கானாவிலிருந்து சுற்றுலா சென்ற ஓர் இளம்பெண் ஆகாயத்திலிருந்து விழுந்து மாண்டாள். இருக்கைப் பட்டையைச் சரிபார்க்கத் தவறியதே காரணம் என்று செய்தி வந்தது. சிறகு கிழியவில்லை, காற்று மோசமில்லை. ஒரு கொக்கி! ஆகையால் நம் குடும்பங்களில் எவரேனும் விடுமுறையில் இவ்வித உல்லாசப் பறப்பிற்குச் சென்றால், பைலட் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இரு தொடைகளிலும் மார்பிலும் பட்டை பூட்டப்பட்டுள்ளதா என்று தாமே தொட்டுப் பார்க்க வேண்டும். தலைக்கவசம் உண்டா, அவசரப் பாராசூட் உண்டா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கமில்லை. விபத்துக் காப்பீடு வைத்திருப்போர் பத்திரத்தின் சிற்றெழுத்துப் பகுதியையும் படித்துவிடுக. சாகச விளையாட்டுகளில் நேரும் விபத்தை விலக்கிவைத்துள்ள பாலிஸிகள் பல.

பஞ்சாயத்தின் முடிவில் போக்கியப் பணம் வங்கிக்குப் போயிற்று. பழைய மோட்டார் வாங்கும் பேச்சு ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது. மலையில் ஆரம்பப் பயிற்சிக்கு மட்டும் தன் சம்பளத்திலிருந்து அவனே சேர்த்துக்கொள்வது என்று ஏற்பட்டது. என் தமக்கைக்கு இதில் பாதி மனந்தான்.

பீர் நமக்கு வெகு தூரம். அங்கே ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழையை முன்னிட்டுப் பறக்கத் தடையும் உண்டு. தமிழ்நாட்டில் ஏலகிரி நமக்கு மிக அண்மையது. 1864ஆம் ஆண்டு போடப்பட்ட பெங்களூர்ப் பாதையில் ஜோலார்பேட்டையில் இறங்கினால் மலை எதிரே நிற்கிறது. தமிழ்ப் புலவர், வள்ளல்கள் பெயர் சூட்டிய 14 கொண்டையூசி வளைவுகளை ஏறி உச்சியை அடையலாம். அங்கே சிறகுப் பறப்பு விழாக்கள் நடந்ததுண்டு. ஆனால் ஒழுங்காகக் கற்பதற்கு மகாராஷ்டிரத்திலுள்ள கம்ஷெத் மேலானது. அங்கே குன்றுகள் சிறியவை, சரிவுகள் புல் அடர்ந்தவை. பயிற்சிப் பள்ளிகளும் பல. முதல் சில நாட்கள் பறப்பதே கிடையாது. தரையில் நின்று சிறகைக் காற்றில் நிமிர்த்திப் பிடிப்பதுதான் பாடம். அக்டோபர் முதல் மே வரை பருவம்.

போகும் வழி இது. பெங்களூரிலிருந்து உத்யான் எக்ஸ்பிரஸில் புனே வரை சென்று, அங்கிருந்து லோணாவளா லோக்கல் ஏறினால் கம்ஷெத் ஸ்டேஷனிலேயே இறங்கலாம். முன்பதிவு பிரயாணத்திற்கு 60 நாட்களுக்கு முன்பு திறக்கிறது. தீபாவளியை அடுத்த வாரங்களில் கூட்டம் மிகுதி. என் தமக்கை மகன் நவம்பர் மாதத்திற்குப் பதிவு செய்திருக்கிறான். ரெயில்வேயில் மாமன் இருந்தும் மேல் பெர்த்துதான் கிடைத்தது.